கணனியின் முகம் மாறும்போது

எமது மீள்குடியேற்றக் கிராமங்களில் இன்று கணனி ஓர் அதிசயப் பொருளல்ல. பாடசாலையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பங்குமனையின் ஒரு மூலையிலும் ஒன்றிரண்டு கணனிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, நகரத்து அலுவலகங்களும் வெளிநாட்டு நண்பர்களும் பாவித்துவிட்டு அன்பளிப்பாகத் தந்தவை. மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, விதைநெல் கடன் பதிவேடு, காணி விடயமாக அரச அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் எல்லாம் அவற்றினுள்தான் இருக்கின்றன.

இக்கணனிகளுக்கு அண்மையில் ஒரு சோதனை வந்தது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 ஐப் பழைய கணனிகள் பல ஏற்கமாட்டா. இயந்திரம் நன்றாகவே ஓடுகின்றது. ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டதெனத் தொலைவில் உள்ள ஒருவர் தீர்மானித்துவிட்டார். இந்நிலையில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போடும்படி பலரும் ஆலோசனை கூறுகின்றனர். நல்ல ஆலோசனைதான். ஆயினும் அங்கேயும் கணனியின் முகம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றது. அந்த மாற்றங்களைச் செய்தவர்கள் யார், அவை வந்தபோது சாதாரண பாவனையாளர்கள் என்ன செய்தார்கள் என்ற வரலாறு, கேளாமலே இடம்பெயர்க்கப்பட்டு வாழ்ந்த எமக்குச் சில பாடங்களைச் சொல்லக்கூடியது.

பணிமேடை என்றால் என்ன?

கணனியைத் திறந்தவுடன் நாம் காண்பது ஒரு திரை. அதிலே கீழே ஒரு பட்டை, ஒரு மூலையில் தெரிவுப் பட்டியல், இன்னொரு மூலையில் கடிகாரம், நடுவிலே கோப்புகளின் சிறு படங்கள். கடிதம் எழுதவோ கணக்குப் பார்க்கவோ தொடங்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாளரமாகத் திறக்கின்றது. இந்த ஒழுங்கு முழுவதையும் பணிமேடை என்கின்றோம். கணனியின் கரு வேறு, பணிமேடை வேறு. விண்டோஸில் நிறுவனம் தரும் மேடையே மேடை. லினக்ஸிலோ ஒரே கருவின்மீது க்னோம், கே.டி.ஈ., எக்ஸ்.எஃப்.சி.ஈ., மாத்தே, சினமன் எனப் பல மேடைகளுள் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம்.

பணிமேடை ஓர் அடுப்படியைப் போன்றது. உப்புப் போத்தல் எங்கே, அகப்பை எங்கே என்பதை வீட்டுக்காரியின் கை இருட்டிலும் அறியும். அந்தப் பழக்கம் பல ஆண்டுகளின் சேமிப்பு. வெளியார் ஒருவர் வந்து, இதைவிட அழகாக அடுக்கலாம் என்று எல்லாவற்றையும் இடம் மாற்றினால், அடுக்கு உண்மையில் நன்றாகவே இருந்தாலும் அன்றைய சமையல் பிந்தித்தான் போகும். கணனியின் முன் இருக்கும் சங்கச் செயலாளரின் நிலையும் இதுவே.

இரண்டு மேடைகள் பிறந்த கதை

1996 ஒக்டோபர் 14 ஆம் திகதி, ஜேர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கணனி கற்றுக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிக் என்னும் மாணவர், உலகெங்கும் உள்ள நிரலாளருக்கு ஓர் அழைப்பு விடுத்தார். லினக்ஸில் உள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தோற்றத்தில், ஒவ்வொரு விதமாக இயங்குகின்றது. சாதாரண மனிதர் பாவிக்கத்தக்க ஒரே சீரான மேடை வேண்டும் என்பதே அவரது எண்ணம். அந்த அழைப்பிலிருந்து கே.டி.ஈ. பிறந்தது. அதன் முதற் பதிப்பு 1998 ஜூலையில் வெளிவந்தது.

ஆனால் அந்த மேடையின் அடித்தளமாகிய கியூட்டி என்னும் மென்பொருட் கருவி, நோர்வே நாட்டு நிறுவனமொன்றுக்கு உரியது. அதன் அனுமதிப்பத்திரம் அன்று முழுச் சுதந்திரம் தரவில்லை. மேலே வீடு எமது, கீழே நிலம் இன்னொருவருடையது என்ற நிலை. இது ஆபத்து எனக் கண்ட மெக்சிக்கோ நாட்டு இளைஞர் மிகுவேல் டி இக்காசா, பெதெரிக்கோ மேனா ஆகிய இருவரும் 1997 ஓகஸ்டில் க்னோம் என்னும் இன்னொரு மேடையைத் தொடங்கினார்கள். இந்தப் போட்டியும் நெருக்குதலும் வீண்போகவில்லை. 2000 ஆம் ஆண்டில் அந்த நோர்வே நிறுவனம் கியூட்டியை ஜி.பி.எல். என்னும் பொது அனுமதிப்பத்திரத்தின் கீழ் வெளியிட்டது. வீட்டோடு நிலமும் பொதுவாயிற்று.

விதைநெல் போன்ற உரிமை

இந்தப் பொது அனுமதிப்பத்திரம் என்ன சொல்கின்றது? அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1989 இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதன் சாரம் நான்கு சுதந்திரங்கள். எத்தேவைக்கும் மென்பொருளை இயக்கலாம். அதன் மூலநிரலைப் படித்து எமக்கேற்ப மாற்றலாம். அயலவருக்குப் பிரதி கொடுக்கலாம். மாற்றியதையும் பிறருக்கு வழங்கலாம். ஒரேயொரு நிபந்தனை: பெற்றவர் இன்னொருவருக்கு வழங்கும்போது இதே சுதந்திரங்களையும் சேர்த்தே வழங்கவேண்டும்.

கமக்காரருக்கு இதை விளக்கக் கணனி வேண்டியதில்லை. கலப்பின விதையைப் போகத்துக்குப் போகம் கடையில்தான் வாங்கவேண்டும். அறுவடையிலிருந்து எடுத்து விதைத்தால் முன்போல் விளையாது. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் அப்படியல்ல. எடுத்து வைக்கலாம், அயலுக்குக் கொடுக்கலாம், எமது மண்ணுக்கு ஏற்றதைத் தெரிந்து பெருக்கலாம். இடம்பெயர்ந்த கமக்காரர் வேறெதை விட்டுவந்தாலும் விதையை விட்டுவர மனமில்லாதிருந்ததை நாம் அறிவோம். விதை கையில் இருந்தால் எந்த மண்ணிலும் மறுபடி தொடங்கலாம் என்பதே அதன் காரணம்.

இத்தகைய விதையொன்று எமது நாட்டிலும் முளைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளுக்குப் பின்னர் இலங்கைத் தொண்டர்கள் சஹானா என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அச்சொல்லின் பொருள் நிவாரணம். காணாமற்போனோர், தற்காலிக முகாம்கள், உதவி வழங்கும் நிறுவனங்கள் பற்றிய பதிவுகளை அது ஒழுங்குபடுத்தியது. மூலநிரல் திறந்திருந்தபடியால் பின்னர் 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டி பூகம்பத்தின்போதும் அங்குள்ளோருக்கும் அது பயன்பட்டது.

கேளாமல் வந்த மாற்றம்

க்னோமின் இரண்டாம் தலைமுறை 2002 ஜூனில் வெளிவந்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேலே தெரிவுப் பட்டியல், கீழே திறந்திருக்கும் சாளரங்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்த ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. பல நாடுகளில் பாடசாலைகளும் அலுவலகங்களும் அதிலேயே பழகிப்போயின.

முதலில் அதிர்ச்சி அடைந்தவர்கள் கே.டி.ஈ. பாவனையாளர்கள். 2008 ஜனவரியில் வெளிவந்த கே.டி.ஈ. 4.0 உள்ளும் புறமும் புதிதாகக் கட்டப்பட்டது. அது இன்னும் முதிரவில்லை, ஆர்வமுள்ளோர் பரிசோதிப்பதற்கே உரியது என ஆக்கியோர் கூறினர். ஆனால் விநியோகித்த பல குழுக்கள் அதையே சாதாரண மக்களின் கணனிகளுக்கும் அனுப்பிவிட்டன. பழைய வசதிகள் பல அதில் இல்லை; இடையிடையே நின்றும் போனது. 2009 ஆம் ஆண்டின் பதிப்புகளில்தான் அது ஓரளவு நிலைகொண்டது.

அடுத்த அலை 2011 ஏப்ரலில் வந்தது. க்னோம் 3 இல் கீழ்ப்பட்டை இல்லை. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தான் இல்லை. திரையில் கோப்புகளின் படங்களும் இல்லை. மேல் இடது மூலைக்குச் சுட்டியைக் கொண்டுசென்றால் எல்லாச் சாளரங்களும் விரியும். அதிலிருந்து வேண்டியதைத் தெரியவேண்டும். அதே மாதத்தில், மிகப் பரவலாகப் பாவிக்கப்பட்ட உபுண்டு, யூனிற்றி என்னும் தனது சொந்த மேடைக்கு மாறியது. ஒரே மாதத்தில் இரு பெரும் வீடுகளின் அடுப்படிகளும் இடம் மாறின.

இதைச் செய்தவர்கள் தீயவர்கள் அல்லர் என்பதையும் கூறவேண்டும். பழைய நிரல்கள் சிக்கலாகி, திருத்துவதற்குக் கடினமாக இருந்தன. சிறிய திரைகளும் தொடுதிரைகளும் வரத் தொடங்கியிருந்தன. கவனத்தைச் சிதறடிப்பவற்றைக் குறைக்கவேண்டும் என்பதும் நியாயமான எண்ணமே. ஆனால் பழைய ஒழுங்கிலே வாழ்ந்துகொண்டிருந்தோரின் கையில் இருந்த பழக்கத்தின் பெறுமதியை எவரும் கணக்கில் எழுதவில்லை. அதுவே மக்களின் மனக்குறை.

மக்கள் சென்ற மூன்று வழிகள்

முதலாவது வழி, புதியதற்குப் பழகிக்கொள்வது. பெரும்பாலோர் இதையே செய்தார்கள். சுட்டிக்குப் பதிலாக விசைப்பலகையைப் பாவிக்கக் கற்றார்கள். க்னோமுக்குச் சிறு இணைப்புகள் எழுதி இழந்த வசதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 2013 மார்ச்சில் க்னோமே பழைய தோற்றத்தை ஒத்த ஒரு தெரிவைத் தன்னுள் சேர்த்தது. முணுமுணுப்புக்கு ஓரளவு செவிசாய்த்ததாக இதைக் கொள்ளலாம்.

இரண்டாவது வழி, வேறு மேடைக்குப் போவது. லினக்ஸின் கருவை 1991 இல் எழுதத் தொடங்கிய பின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸும் இப்படி இடம்பெயர்ந்தவர்தான். கே.டி.ஈ. 4 இற்குப் பின் க்னோமுக்கு வந்தார். க்னோம் 3 வந்ததும் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து, எளிமையான எக்ஸ்.எஃப்.சி.ஈ. இற்குப் போனார். சில ஆண்டுகளுள், இணைப்புகளின் உதவியோடு, மறுபடி க்னோமுக்கே திரும்பினார். கருவை ஆக்கியவருக்கே இந்த அலைச்சல் என்றால், கணனிக்குப் புதியவரான எமது சங்கச் செயலாளர் தடுமாறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மூன்றாவது வழியே விதையை எடுத்துக்கொண்டு போய் வேறு வயலில் விதைப்பது. 2011 இல் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பாவனையாளர் ஒருவர் க்னோம் 2 இன் மூலநிரலை அப்படியே எடுத்து, தென் அமெரிக்க மக்கள் பருகும் மூலிகைப் பானத்தின் பெயரால் மாத்தே எனப் பெயரிட்டுத் தொடர்ந்தார். கே.டி.ஈ. 3 ஐ விரும்பியோர் டிரினிற்றி என்ற பெயரில் அதைக் காப்பாற்றினர். லினக்ஸ் மின்ட் குழுவினர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். க்னோம் 3 இன் புதிய அத்திவாரத்தை எடுத்து, அதன்மேல் பழைய ஒழுங்கைக் கட்டினார்கள். 2012 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட அந்த மேடைக்குச் சினமன் என்று பெயர். எமது தென்பகுதித் தோட்டங்களின் கறுவாவேதான் அப்பெயர்.

இந்த மூன்றாவது வழி திறந்த மூல மென்பொருளில் மட்டுமே உண்டு. ஒரு நிறுவனம் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளில், பழையது நிறுத்தப்பட்டால் அதை எடுத்துத் தொடர எவருக்கும் உரிமை இல்லை.

உரிமைக்குப் பின்னால் உழைப்பு

ஆயினும் விதை கையில் இருப்பதால் மட்டும் விளைச்சல் வராது. உழவும் நீரும் களையெடுப்பும் வேண்டும். மாத்தே குழுவினர் புதிய க்னோமோடு மோதாதிருக்க ஒவ்வொரு பகுதிக்கும் புதுப் பெயர் இடவேண்டியிருந்தது. பழைய அடித்தளக் கருவி வழக்கொழிந்தபோது முழு வீட்டையும் புதிய அடித்தளத்துக்கு நகர்த்தவேண்டியிருந்தது. சிறு தொகையான தொண்டர்கள் செய்த அந்த வேலை 2017 இல்தான் நிறைவேறியது.

யூனிற்றியின் கதை இன்னும் தெளிவானது. 2017 ஏப்ரலில் உபுண்டு நிறுவனம் யூனிற்றியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்புவதாக அறிவித்தது. முதலில் மாற்றத்தை எதிர்த்தோரில் பலர் அதற்குள் யூனிற்றிக்குப் பழகி, அதையே விரும்பத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்கு இது இரண்டாவது இடப்பெயர்வு. 2020 இல் இந்தியாவைச் சேர்ந்த ஒரு பாடசாலைச் சிறுவன் அதை எடுத்து உபுண்டு யூனிற்றி என மறுபடி வெளியிட்டான். 2022 இல் அதற்கு அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் 2025 ஒக்டோபரில் அதன் புதிய பதிப்பு மற்றவற்றோடு வெளிவர முடியவில்லை. வேலை செய்யக் கைகள் போதாதென்று குழுவினர் உதவி கேட்டனர். ஒரு பிள்ளையின் ஆர்வம் ஒரு மேடையை எழுப்பக்கூடும். அதைத் தாங்கிப்பிடிக்க ஓர் ஊர் வேண்டும்.

மாற்றம் எவரிடமிருந்து தொடங்குவது?

பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931 இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் ஒரு கோட்பாட்டை வலியுறுத்தினார். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. பெரியது சிறியதற்குத் துணைநிற்கவேண்டும் என்பதே அது. கணனி உலகமும் இதைத் தனது அனுபவத்தால் கற்றது எனலாம்.

2001 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தினர் சாதாரண மக்களைக் க்னோமின் முன் இருத்தி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என அவதானித்தார்கள். அதன் பயனாக வந்த எளிமை க்னோம் 2 இன் வெற்றிக்கு உதவியது. 2021 மார்ச்சில் வெளிவந்த க்னோம் 40 இற்கு முன்னரும் பாவனையாளர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். கே.டி.ஈ. குழுவினர் 2008 இன் கசப்பை மறக்கவில்லை. 2024 பெப்ரவரியில் வெளிவந்த பிளாஸ்மா 6 இல் உள்ளே பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன; ஆனால் திரையின் ஒழுங்கு பெரும்பாலும் பழையபடியே இருந்தது. வீட்டார் உறங்கும்போதே அத்திவாரத்தைத் திருத்தியது போன்ற வேலை அது.

அபிவிருத்திப் பணி செய்வோருக்கும் இது பொருந்தும். வீட்டுத்திட்டத்தில் சமையலறையை எத்திசையில் வைப்பது, கிணறு எங்கே, வாய்க்கால் எவ்வழி என்பவற்றை அங்கே வாழப்போகிறவர்களைக் கேட்டுத் தீர்மானிப்பதே முறை. படம் வரைந்தவர் திரும்பிப் போய்விடுவார்; வாழ்பவர் அங்கேயே இருப்பார்.

தமிழ் எங்கே நிற்கின்றது?

க்னோம், கே.டி.ஈ. இரண்டிலும் தமிழ் உண்டு. தொண்டர்கள் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்ததன் பயன் அது. ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதிய சொற்றொடர்கள் சேருகின்றன. மொழிபெயர்ப்போர் குறைந்தால் திரையில் தமிழுக்கு நடுவே ஆங்கிலம் புல்லாய் முளைத்துவிடும். இதைச் செய்ய நிரல் எழுதத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. நல்ல தமிழும் ஓரளவு ஆங்கிலமும் பொறுமையும் போதும். உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் எமது இளைஞர், யுவதிகள் இதில் ஈடுபடலாம். எமது பேச்சு வழக்குக்கு ஏற்ற சொற்கள் திரையில் வருவதும் அப்போதுதான்.

எமது நிலையங்களில் செய்யக்கூடியவை

பழைய கணனியை லினக்ஸுக்கு மாற்ற எண்ணும் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பது நன்று.

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அதைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பின்னரே அடுத்த வேலை.

2. லினக்ஸை நிறுவாமலே, ஒரு பென்ட்ரைவில் இருந்து இயக்கிப் பார்க்கலாம். இரண்டு மூன்று மேடைகளை இவ்வாறு காட்டி, பாவிக்கப்போகும் அங்கத்தவர்களே தெரியட்டும்.

3. கணனியின் நினைவகம் 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவு என்றால் எக்ஸ்.எஃப்.சி.ஈ. அல்லது மாத்தே பொருந்தும். விண்டோஸ் பழகியவர்களுக்குச் சினமன் அந்நியமாகத் தோன்றாது. 2024 ஜூலையில் வந்த லினக்ஸ் மின்ட் 22 இந்த மூன்று வடிவிலும் கிடைக்கின்றது. 2029 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

4. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே தெரிவுசெய்யுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை மாறும் பதிப்பு சங்கத்துக்கு ஏற்றதல்ல.

5. தமிழ் எழுதப் பழகிய விசைப்பலகை முறை, ரெங்கநாதன் முறையாயினும் தமிழ்நெற் 99 ஆயினும், லினக்ஸிலும் உண்டு. முதலில் அதை ஒழுங்குசெய்யுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்து நிறுவவேண்டும். இல்லையேல் கடிதம் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

6. எல்லாக் கணனிகளையும் ஒரே நாளில் மாற்றவேண்டாம். ஒன்றை மாற்றி, ஒரு போகம் பாவித்துப் பாருங்கள். புதிய நெல்லினத்தை ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பது போல.

7. அன்றாட வேலைகளின் படிகளைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி, கணனியின் அருகில் வையுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் நின்றுவிடும்.

மாற்றம் வந்துகொண்டேதான் இருக்கும். 1984 இல் அமெரிக்காவில் தோன்றிய எக்ஸ் என்னும் சாளர முறைக்குப் பதிலாக, 2008 இல் தொடங்கப்பட்ட வேலண்ட் என்னும் புதிய முறை இப்போது இடம்பிடித்து வருகின்றது. பார்வையற்றோர் பாவிக்கும் திரைவாசிப்புக் கருவிகள் போன்றவை புதிய முறையிலும் குறைவின்றி இயங்கவேண்டும் என்று அவற்றை நம்பியிருப்போர் கேட்கின்றனர். அவர்களின் குரலுக்குச் செவிகொடுப்பது ஆக்குவோரின் கடமை. குரல் கொடுப்பது பாவிப்போரின் உரிமை. விதை எமது கையில் இருக்கும்வரை அந்தக் குரலுக்குப் பெறுமதி உண்டு.

குழுவாகக் கலந்துரையாட

அ. உங்கள் சங்கத்தின் கணக்குகளும் கடிதங்களும் எந்த மென்பொருளில் உள்ளன? அது நாளை நிறுத்தப்பட்டால் அவற்றைத் திறக்க உங்களால் முடியுமா?

ஆ. கணனியை இயக்கத் தெரிந்தவர்கள் உங்கள் கிராமத்தில் எத்தனை பேர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்?

இ. கடந்த ஆண்டுகளில் உங்கள் கிராமத்துக்கு வந்த திட்டங்களுள் எவற்றில் உங்கள் விருப்பம் கேட்கப்பட்டது? எவற்றில் கேட்கப்படவில்லை? இனி வரும் திட்டத்தில் கேட்கச்செய்ய நீங்கள் ஒன்றுசேர்ந்து செய்யக்கூடியது என்ன?